பக்கத்து இருக்கையில் இருப்பவர்

அன்புள்ள அக்கா,

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். உங்கள் கட்டுரைகளில் அவ்வப்போது வெளிநாட்டுப் படங்களைப் பற்றி வரும். அதைப் படித்துவிட்டுத்தான் போன டிசம்பரில் தோழியோடு திருவனந்தபுரம் திரைப்பட விழாவுக்குப் போனேன். ஒரே நாளில் மூன்று படம். முதல் படம் பிடித்தது. இரண்டாவதில் தூங்கிவிட்டேன். மூன்றாவதில் சப்டைட்டிலை வாசித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. வெளியே வந்தால் ஆளாளுக்கு டைரக்டர்கள் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு பெயரும் தெரியாது. அழைப்பில்லாத கல்யாண வீட்டுக்குப் போனதுபோல ஒதுங்கி நின்றேன்.

“போனிலேயே எல்லாப் படமும் வருதே, இதுக்கு ரெண்டு மணி நேரம் ரயில்ல போகணுமா?” என்று அம்மா கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை. நம் குமரி மாவட்டத்தில் இந்த மாதிரிப் படங்களைப் பார்க்க வழியே இல்லையா? உண்மையில் என்னைப் போன்றவர்களுக்கான விழாதானா அது?

ஆர்., தக்கலை

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்தத் தூக்கத்தை மனதிலிருந்து எடுத்துப் போடுங்கள். விடியுமுன் எழுந்து, ரயில் பிடித்து, காலையில் ஒரு படம் பார்த்து, மத்தியானம் பழம்பொரியும் சாயாவும் குடித்துவிட்டு ஏசி ஹாலில் போய் உட்கார்ந்தால் யாருக்கும் கண் சொக்கும். அது படத்தின் குற்றமும் அல்ல, உங்கள் ரசனையின் குற்றமும் அல்ல. ஒரு நாளைக்கு இரண்டு படம் போதும். இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது வெளியே நடந்துவிட்டு வாருங்கள். பார்த்த படம் மனதில் இறங்க அந்த நேரம் வேண்டும்.

அம்மாவின் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. கொஞ்சம் நீளமான பதில்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. குளச்சல் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்தைச் சேர்ந்த ஒரு தோழி அப்போது என்னோடு வேலை பார்த்தாள். 2004 டிசம்பர் 26 காலையில் அவள் சித்தி வீட்டில் இரண்டு பேரைக் கடல் கொண்டுபோயிருந்தது. அதைப் பற்றி அவள் பேசவே மாட்டாள். நாங்களும் கேட்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவனந்தபுரத்தில் ஒரு திரைப்படச் சங்கம் சின்ன ஹாலில் ஈரான் படம் ஒன்றைத் திரையிடுகிறது என்று கேள்விப்பட்டு, துணைக்கு அவளையும் அழைத்துக்கொண்டு போனேன். என்ன படம் என்று எனக்கே தெரியாது. தெரிந்திருந்தால் அவளைக் கூட்டிப் போயிருக்க மாட்டேன்.

அப்பாஸ் கியாரோஸ்தமி 1992இல் எடுத்த ‘வாழ்க்கை தொடர்கிறது’ என்ற படம். 1990 ஜூனில் வடக்கு ஈரானில் பெரிய நிலநடுக்கம் வந்து பல்லாயிரம் பேர் இறந்துபோனார்கள். அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் அந்தப் பக்கத்துக் கிராமங்களில்தான் அவர் ஒரு படம் எடுத்திருந்தார். அதில் நடித்த சிறுவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தேடி, ஒரு இயக்குநர் தன் மகனைக் காரில் ஏற்றிக்கொண்டு இடிந்த ஊர்கள் வழியே போகிறார். அவ்வளவுதான் கதை. அழுகையைத் தூண்டும் இசை கிடையாது. பிணங்களைக் காட்டுவதும் இல்லை. வெடித்த சுவர்கள், தண்ணீர் சுமக்கும் பெண்கள், சாமான்களைத் தோண்டி எடுக்கும் கிழவர்கள். நிலநடுக்கத்துக்கு மறுநாளே கல்யாணம் செய்துகொண்ட ஒரு ஜோடியும் வருகிறார்கள்.

ஒரு இடத்தில் கூடாரங்களுக்கு நடுவே ஒருவன் டிவி ஆண்டெனா கட்டிக்கொண்டிருப்பான். அப்போது உலகக் கோப்பைக் கால்பந்து நடந்துகொண்டிருந்தது. இத்தனை சாவுக்கு நடுவில் பந்தாட்டம் பார்க்க வேண்டுமா என்று இயக்குநர் கேட்கிறார். அவனும் தங்கையையும் உறவுக்காரப் பிள்ளைகளையும் பறிகொடுத்தவன்தான். என்ன செய்வது, உலகக் கோப்பை நாலு வருஷத்துக்கு ஒருமுறைதானே வருகிறது என்கிறான்.

தோழி என் மணிக்கட்டைப் பிடித்தாள். “எங்க பயலுவளும் இப்படித்தான்” என்றாள். நம் கடற்கரைக்காரர்களுக்குக் கால்பந்து என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கொட்டகையில் தங்கவைத்திருந்த நாட்களில், அடக்கம் முடிந்த வாரமே, பையன்கள் பந்தை எடுத்துக்கொண்டு மணலுக்குப் போனார்களாம். பெரியவர்கள் திட்டினார்களாம். அவளும் திட்டியிருக்கிறாள். அந்த இருட்டில்தான் முதல்முறையாக இதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, கையை விடாமல் படம் முழுவதும் உட்கார்ந்திருந்தாள்.

படம் முடிகிற காட்சியையும் சொல்லிவிடுகிறேன். தூரத்தில் ஒரு மலை. வளைந்து வளைந்து ஏறும் மண் பாதை. காமிரா அசையாமல் எதிர்ப்புறத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது. கார் ஏற முடியாமல் பின்னால் சரிகிறது. தோளில் கேஸ் சிலிண்டர் சுமந்துவரும் ஒரு ஆள் அதைத் தள்ளிக் கிளப்பிவிட்டு, சிலிண்டரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு தன்பாட்டுக்கு மேலே நடக்கிறான். கார் ஒரு சுற்றுச் சுற்றி, வேகம் பிடித்து, மறுபடியும் ஏறுகிறது. அவனைத் தாண்டிப் போய், மேல் வளைவில் நின்று, அவனையும் ஏற்றிக்கொண்டு போகிறது. ஒரு வசனம் கிடையாது. கார் சரிந்தபோது எனக்குப் பின்னால் யாரோ மலையாளத்தில் மெதுவாக “போ, போ” என்றார். கார் நின்று அவனை ஏற்றிக்கொண்டபோது ஹால் முழுக்க மூச்சு விட்டது காதில் கேட்டது.

சில வருஷம் கழித்து அதே காட்சியைப் போனில் பார்த்தேன். கார் ஒரு நெல்மணி அளவு இருந்தது. அந்த ஆள் கண்ணுக்கே தெரியவில்லை. பாதியில் யாரோ கூப்பிட்டார்கள், எடுத்துப் பேசினேன். திரும்பி வந்தபோது படம் முடிந்து எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். பெரிய நடிகர்களின் படம் நம் கவனத்தை அதுவே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதைப் போனில் பார்த்தாலும் பாதகமில்லை. மெதுவாக நடக்கும் படத்துக்கு நாம்தான் பொறுமை கொடுக்க வேண்டும். அந்தப் பொறுமை தனியாக இருக்கும்போது யாரிடமும் போதுமான அளவு இருப்பதில்லை, பக்கத்து இருக்கையில் இருப்பவரிடமிருந்துதான் கிடைக்கிறது. முந்நூறு பேர் சத்தமில்லாமல் ஒரு மலையைப் பார்க்கும்போது நாமும் பார்க்கிறோம். ரயிலில் இரண்டு மணி நேரம் போவது அதற்குத்தான்.

அப்புறம், அந்தப் பெயர்கள். கேரளத்தில் இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் சேர்ந்து சித்ரலேகா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கியது 1965இல். அதைத் தொடர்ந்து சின்னச் சின்ன ஊர்களில்கூடச் சங்கங்கள் வந்தன. பள்ளிக்கூட அறையிலும் வாசகசாலையிலும் 16 எம்.எம். புரொஜக்டரை வைத்துப் படம் போட்டார்கள். திரைப்பட விழா தொடங்கியது 1996இல்தான். வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தவர்களில் பலருடைய அப்பாக்களும் இப்படிப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவர்கள். கூடிப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் அது. நாலு டிசம்பர் போனால் உங்களுக்கும் வந்துவிடும். வராவிட்டாலும் நஷ்டமில்லை, என் தோழிக்கு இன்றுவரை கியாரோஸ்தமி பெயர் வாயில் நுழையாது.

சப்டைட்டில் பற்றிச் சொன்னது நியாயமான கஷ்டம். முன்வரிசையில் உட்காராதீர்கள், நடுவில் கொஞ்சம் பின்னால் உட்காருங்கள். கண் கீழும் மேலும் அலைவது குறையும். எல்லா வார்த்தையையும் வாசித்தே தீர வேண்டும் என்று நினைக்காதீர்கள். முகத்தைப் பார்த்தால் பாதி புரியும். உங்களுக்கு மலையாளம் வாசிக்க வருமென்றால் இன்னொரு வழியும் உண்டு. கேரளத்து இளைஞர்கள் கூட்டாக உட்கார்ந்து, காசு வாங்காமல், ஆயிரக்கணக்கான வெளிநாட்டுப் படங்களுக்கு மலையாளத்தில் சப்டைட்டில் செய்து வைத்திருக்கிறார்கள். தமிழிலும் இதே அளவில் ஒரு வேலை நடக்க வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை. உங்களைப் போன்ற ஆசிரியர்கள் கைவைத்தால் நடக்கும்.

‘என்னைப் போன்றவர்களுக்கான விழாதானா’ என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தில் என்னை அதிகம் தொந்தரவு செய்த வரி அதுதான்.

நீங்கள் போன அதே வழியில், தொண்ணூறு வருஷத்துக்கும் முன்னால், அகஸ்தீஸ்வரத்துக்காரர் ஒருவர் சொந்த நிலத்தை விற்ற காசோடு திருவனந்தபுரம் போனார். ஜே.சி.டேனியல். அங்கே பட்டம் என்ற பகுதியில் ஸ்டுடியோ அமைத்து, தானே எழுதி, படம்பிடித்து, நடித்து ‘விகதகுமாரன்’ என்ற ஊமைப் படத்தை எடுத்தார். மலையாளத்தின் முதல் படம் அது. அதில் நாயர் பெண்ணாக நடித்த பி.கே.ரோஸி தலித் பெண் என்பதற்காகத் தியேட்டரில் கல்லெறிந்தார்கள். திரை கிழிந்தது. தான் நடித்த படத்தை உட்கார்ந்து பார்க்க அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஊரைவிட்டே துரத்தப்பட்டு, ஒரு லாரியில் ஏறி நாகர்கோவில் பக்கம் வந்து, பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்து முடித்தார் என்று சொல்கிறார்கள். டேனியல் எல்லாவற்றையும் இழந்து அகஸ்தீஸ்வரத்தில் 1975இல் இறந்தார். படத்தின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1992 முதல் அவர் பெயரில்தான் கேரள அரசு மலையாள சினிமாவின் மிகப் பெரிய விருதைக் கொடுத்து வருகிறது.

நம் மண்ணின் காசும் நம் மண்ணில் வந்து ஒளிந்துகொண்ட ஒரு பெண்ணின் கண்ணீரும் அந்த ஊர் சினிமாவின் அடியில் கிடக்கின்றன. 2017இல் ஒக்கி புயல் போன மறுவாரம்தான் விழா. தொடக்க நாள் கொண்டாட்டங்களைக் கைவிட்டுவிட்டார்கள். அந்தப் புயலில் போனவர்களில் நம் தூத்தூர், வள்ளவிளை ஆட்களும் உண்டு. அது உங்கள் விழாவேதான், ஆர். ஒதுங்கி நிற்காதீர்கள்.

சரி, நம் மாவட்டத்துக்குள் என்ன வழி? உங்கள் கண்முன்னாலேயே ஒன்று இருக்கிறது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் மலையாளப் படங்கள் கேரளத்தில் வருகிற அன்றே வந்துவிடுகின்றன. பெரிய ஆள் யாரும் நடிக்காத சின்னப் படமும் சில சமயம் ஒரே ஒரு காட்சியாக வரும். பத்து டிக்கெட் விற்காவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை தூக்கிவிடுவார்கள். அதனால் முதல் இரண்டு நாளுக்குள் போய்விடுங்கள். தோழிகளையும் இழுத்துக்கொண்டு போங்கள். நாலு பேர் கூடுதலாக இருப்பது அந்தப் படத்துக்குப் பெரிய விஷயம்.

தமிழ்ப் படத்துக்கே சில சமயம் அந்த ஒரு வாரம்கூடக் கிடைப்பதில்லை. பி.எஸ்.வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவில் முதன்மை விருதான புலி விருதை வாங்கியது. மதுரைப் பக்கத்து வெயிலில் ஒரு அப்பனும் மகனும் நடக்கிற படம். 2022 மார்ச்சில் நடந்த திருவனந்தபுரம் விழாவில் பார்வையாளர்களே ஓட்டுப் போட்டு அதற்குப் பரிசு கொடுத்தார்கள். தமிழ்நாட்டுத் தியேட்டர்களுக்கு அது வரவே இல்லை, நேராக ஓடிடிக்குப் போய்விட்டது. அந்த வெயிலைப் பெரிய திரையில் பார்க்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்னொரு வழி, நாமே திரையிடுவது. ஒரு நூலக அறை, இல்லையென்றால் ஆலயத்தின் பாரிஷ் ஹால், ஒரு புரொஜக்டர், ஒரு வெள்ளை வேட்டி, முப்பது நாற்காலி. இவ்வளவு போதும். முறைப்படி செய்ய வேண்டுமென்றால் சங்கமாகப் பதிவு செய்து, 1959இல் சத்யஜித் ராய் தலைமையில் தொடங்கிய இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பில் சேரலாம். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தை (தமுஎகச) சேர்ந்த நண்பர்கள் பல ஊர்களில் உலகப் படங்களைத் திரையிட்டிருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டால் உதவுவார்கள். மாதம் ஒரு படம். படம் முடிந்து ஒரு கட்டஞ்சாயா. யாரையும் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். பேச வேண்டியவர்கள் தானாகப் பேசுவார்கள்.

அடுத்த டிசம்பருக்குச் சில விவரங்கள். எட்டு நாளில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படங்கள் போடுகிறார்கள். முக்கியமான படங்கள் இரண்டு மூன்று முறை வெவ்வேறு தியேட்டர்களில் வரும், அதனால் ஒன்றைத் தவறவிட்டால் அழ வேண்டாம். முன்பதிவு முந்தின நாளே ஆன்லைனில் தொடங்கிவிடும். அது கிடைக்காவிட்டாலும் வரிசையில் நிற்பவர்களுக்கு இடம் வைத்திருப்பார்கள். ராத்திரிக் காட்சி பார்த்துவிட்டு ஊர் திரும்புவது சிரமம். வீட்டில் பயப்படுவார்கள் என்றால் இரண்டு நாள் அங்கேயே தங்குவது நல்லது. என் தங்கை வீடு கரமனையில் இருக்கிறது. நான் வருஷா வருஷம் அங்கேதான் தங்குகிறேன், உங்களுக்கும் தோழிக்கும் தாராளமாக இடம் இருக்கும். அம்மாவிடம் நானே பேசுகிறேன்.

அம்மாவும் வருவார்கள் என்றால் இன்னும் நல்லது. நான் நாகர்கோவிலில் காலை பாசஞ்சரில் ஏறிவிடுவேன். நீங்கள் இரணியலில் ஏறிக்கொள்ளுங்கள். தம்பானூரில் இறங்கினால் கைரளி தியேட்டர் நடக்கிற தூரம்தான். முதல் காட்சிக்கு முன்னால் புட்டும் கடலையும் சாப்பிட நேரம் இருக்கும்.

அன்புடன்,
அக்கா