நாய் மாதிரியே நடந்தும் மணி என்னிடம் வரவில்லையே?

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன் தெருவிலிருந்து ஒரு நாட்டு நாயைத் தூக்கி வந்தேன். பெயர் மணி. நாயைப் போலவே நடந்துகொண்டால் ஒட்டிக்கொள்ளும் என்று வீடியோவில் பார்த்துவிட்டு, தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் அதன் முன்னால் முழங்கையை ஊன்றிக் குனிகிறேன், கண்ணை உற்றுப் பார்த்து உறுமுகிறேன். அது கொட்டாவி விட்டு, மூக்கை நக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. சாப்பாடு, வாக்கிங் எல்லாம் அப்பாதான் (மூட்டுவலி இருக்கிறது, ஆனாலும் செய்கிறார்). அவர் பின்னாலேயே சுற்றுகிறது. எந்தச் சைகையைத் தப்பாகச் செய்கிறேன்?
வாசகர், திருச்சி

பதில்: தம்பி, சைகைக்கு அப்புறம் வருகிறேன். அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே ஒரு மூட்டுவலி, முதலில் அதைப் பேசுவோம். ஆசைப்பட்டு நாயைத் தூக்கி வந்தது நீங்கள். வலிக்கிற காலோடு, அது இழுத்த இழுப்புக்கெல்லாம் தெருவில் நடப்பது அவர். இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன, பெரும்பாலும் சோறு வைக்கிற கை வேறு யாருடையதாகவோ இருக்கிறது. கொண்டுவந்த உயிருக்குச் சோறு வைப்பதும் பீ அள்ளுவதும் கொண்டுவந்தவன் வேலை. அப்பா வாய் திறந்து மாட்டேன் என்று சொல்லமாட்டார் என்பதற்காக அவர் தலையில் கட்டுவது தப்பு.

மணி உங்களிடம் தெளிவாகத்தான் பேசுகிறது. தூக்கம் வராதபோது கொட்டாவி, எதிரே தின்ன ஒன்றும் இல்லாதபோது மூக்கை நக்குவது, முகத்தைத் திருப்புவது, மூன்றும் சேர்ந்து வந்தால் 'பயமாக இருக்கிறது, கொஞ்சம் தள்ளிப் போ' என்று அர்த்தம். உற்றுப் பார்ப்பதும் உறுமுவதும் நாய்க்கு மிரட்டல். முன்னங்காலை மடக்கிப் பின்பக்கத்தைத் தூக்குவதுதான் விளையாட்டு அழைப்பு. மனிதர்கள் அப்படிக் குனிந்தாலும் நாய்கள் விளையாட வருகின்றன என்று 2001-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நீங்கள் அழைத்துக்கொண்டே மிரட்டுகிறீர்கள், அது எதை நம்பும்? அதுவும் முகத்தை அதன் வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு! தள்ளிப் போ என்பது காதில் விழாத ஆளை நாய் கடித்துவிடும். பல் பட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே போய் ரேபிஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

அப்பா என்ன செய்கிறார் என்று ஒருநாள் பாருங்கள். தட்டை வைத்துவிட்டுப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டு பேப்பர் படிப்பார். நேருக்கு நேர் பார்க்கமாட்டார், மேலே கவிழமாட்டார், நேற்று வந்த நேரத்துக்கே இன்றும் வருவார். வம்பு வேண்டாம் என்கிற நாயும் அப்படித்தான் பக்கவாட்டில் திரும்பி, எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கும். நாயைப் போல நடந்துகொள்ள வேண்டும் என்றால் இப்படி நடந்துகொள்ளுங்கள்.

நாளைக் காலையிலிருந்து வாக்கிங்கும் இரண்டு வேளைச் சோறும் உங்களுடையது. முதல் சில நாள் அப்பா கூட வரட்டும், வாரை மட்டும் நீங்கள் பிடியுங்கள், அது மோந்து பார்க்கிற இடத்திலெல்லாம் நில்லுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். அது தானாக வந்து உங்கள் கையை மோந்தால் தலையில் கை வைக்காமல் கழுத்துப் பக்கம் லேசாகச் சொறிந்து விடுங்கள், போதும். குனிந்து விளையாடுவதெல்லாம் அதற்கப்புறம். இந்த வாரமே ஆபீஸுக்கு ஒருநாள் லீவு போட்டு, அப்பாவை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டு வாருங்கள்.