எண்பது கம்பியும் ஏழு முனையும்

அண்ணாவுக்கு வணக்கம்.

கொழிஞ்சாம்பாறையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பழைய பிரிண்டர் போர்ட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 25 பின், அதில் தரவுக்கு மட்டும் எட்டுக் கம்பி, கடைசியில் யூஎஸ்பியின் இரண்டு தரவுக் கம்பிகளிடம் அது தோற்றுப் போனது என்று முடித்திருந்தீர்கள். ஏன் தோற்றது என்று சொல்லவில்லை.

என் கடைப் பரணில் பழைய ஹார்ட் டிஸ்க் ரிப்பன் கேபிள் ஒரு கட்டு கிடக்கிறது. எண்பது கம்பி. இன்று போடும் சாட்டா கேபிளில் ஏழே ஏழு முனை. வேகம் இதில்தான் அதிகம். வாளையார் ரோட்டை அகலமாக்கினால் லாரி சீக்கிரம் போகும். குறுக்கினால் சீக்கிரம் போகும் என்று யாராவது சொல்வார்களா? இங்கே மட்டும் எப்படித் தலைகீழாக நடக்கிறது?

இன்னொரு குழப்பம். கோயமுத்தூரில் இசிஇ படிக்கும் என் அக்கா மகள், "மாமா, இப்போ மெமரிக்கும் பிராசசருக்கும் நடுவில் ஆயிரம் கம்பி போடறாங்க" என்கிறாள். அப்போ எதுதான் சரி?

கடைசியாக ஒரு வேலைச் சந்தேகம். ஒரு வாடிக்கையாளரின் கிராபிக்ஸ் கார்டு பதினாறு லேன் ஸ்லாட்டில் உட்கார்ந்துகொண்டு எட்டு லேன் என்று காட்டுகிறது. ஆனால் ஓடுகிறது. என்ன செய்யலாம்?

ச., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள ச.,

வாளையார் உதாரணம் தப்பில்லை. பாதியில் நிறுத்திவிட்டீர்கள், அவ்வளவுதான். உங்கள் லாரிகள் ஒவ்வொன்றிலும் தனித்தனிச் சரக்கு. ஒன்று முன்னே போனாலும் பின்னே போனாலும் யாருக்கும் நட்டமில்லை. எட்டுக் கம்பிகளில் போவது அப்படியல்ல. ஒரே இயந்திரத்தை எட்டுத் துண்டாகக் கழற்றி, எட்டு லாரியில் ஏற்றி அனுப்புகிறோம். கஞ்சிக்கோட்டில் நிற்கும் ஃபிட்டர் எட்டாவது லாரி வரும்வரை ஸ்பேனரைத் தொட முடியாது. அதற்குள் அடுத்த இயந்திரத்தின் எட்டு லாரிகளும் கிளம்பிவிட்டன என்று வையுங்கள். இரண்டாம் செட்டின் வேகமான லாரி முதல் செட்டின் நொண்டி லாரிக்கு முன்பே வந்து நிற்கும். ஒரு கம்பியில் ஒரு தடவை போகும் பூஜ்யமோ ஒன்றோதான் பிட். அதன் நெற்றியில் நம்பர் எழுதியிருக்காது. ஃபிட்டர் எதையோ எதிலோ மாட்டிவிடுவார். இந்த முன்பின் வித்தியாசத்துக்குத் தொழிலில் ஸ்க்யூ என்று பெயர்.

பிரிண்டர் போர்ட்டுக்கு இந்தக் கவலை இருக்கவில்லை. எட்டுக் கம்பியிலும் தரவை வைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்து, ஸ்ட்ரோப் என்ற தனிக் கம்பியில் ஒரு தட்டு தட்டும், "இப்போ எடுத்துக்கோ" என்று. பிரிண்டர் "பிஸி" (வேலையாக இருக்கிறேன்) கம்பியைத் தூக்கிப் பிடித்து "இரு, இரு" என்னும். நிதானமான பேச்சு. அந்த நிதானத்தில் கம்பிகள் முன்னே பின்னே வந்தாலும் தெரியாது.

தெரிய ஆரம்பித்தது வேகம் கூடியபோது. நாம் போடும் சாதாரண போர்டில் சிக்னல் ஒரு நானோ வினாடிக்கு ஏறக்குறைய 15 செ.மீ. போகும். மதர்போர்டில் கார்டு செருக 1992-இல் வந்த பிசிஐ ஸ்லாட்டுக்கு 32 தரவுக் கம்பிகள், 33 மெகாஹெர்ட்ஸ் கிளாக். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 30 நானோ வினாடி. அதற்குள் சிக்னல் நாலரை மீட்டர் போய்விடும். ஒரு கம்பி இரண்டு செ.மீ. நீளமாக இருந்தால் என்ன குறைந்துவிடப் போகிறது? ஆனால் ஒரு கம்பியில் வினாடிக்கு 800 கோடி பிட் அனுப்புகிறோம் என்று வையுங்கள். ஒரு பிட்டின் நீளமே இரண்டு செ.மீ.க்குள் அடங்கிவிடும். இருபது செ.மீ. கம்பியில் ஒரே நேரத்தில் பத்து பிட்டுகள் ரயில்பெட்டி மாதிரி போய்க்கொண்டிருக்கும். அப்போது அதே இரண்டு செ.மீ. பிசகு ஒரு முழுப் பெட்டி பிசகு.

உங்கள் பரணில் கிடக்கும் கேபிளைப் பற்றி ஒரு திருத்தம். எண்பதில் நாற்பதுதான் பழைய கம்பி. மீதி நாற்பதும் வெறும் கிரவுண்டு. கனெக்டரை எண்ணிப் பாருங்கள், நாற்பது முனைதான் இருக்கும். வேகம் கூடியதும் ஒரு கம்பியின் பேச்சு பக்கத்துக் கம்பியில் கேட்க ஆரம்பித்தது. நடுவே சுவர் வைக்கத்தான் அந்த நாற்பது. அப்படியும் வினாடிக்கு 133 மெகாபைட்டோடு அந்தக் குடும்பம் நின்றுபோனது. 2003-இல் வந்த முதல் சாட்டாவே 150-இல் தொடங்கியது.

என் கதை ஒன்று. பல வருடங்களுக்கு முன் கஞ்சிக்கோட்டில் ஒரு சின்ன கம்பெனியில் போர்டு லேஅவுட் போட்டுக்கொண்டிருந்தேன். மெமரி சிப்புக்குப் போகும் எட்டுத் தரவுக் கம்பிகளில் ஒன்றை ஒரு கெபாசிட்டரைச் சுற்றிக் கொண்டுபோனேன். மூன்று செ.மீ. கூடிவிட்டது. ஏசி அறையில் சோதித்தோம், ஜம்மென்று ஓடியது. சித்திரை மாதத்துப் பாலக்காட்டு வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே மதியம் இரண்டு மணிக்குத் தொங்கிப்போனது. சாயங்காலம் தானே சரியானது. மெமரி சிப்பைச் சந்தேகப்பட்டோம், பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டோம், சால்டர் போட்ட பையனைக்கூடச் சந்தேகப்பட்டோம். ஒரு பிட்டுக்குக் கிடைத்த நேரம் 1.25 நானோ வினாடி. அதன் நடுவில்தான் ஸ்ட்ரோப் விழ வேண்டும். என் மூன்று செ.மீ. அதில் 0.2-ஐத் தின்றுவிட்டது. ஏசி அறையில் மிச்சம் இருந்த கொஞ்சநஞ்ச இடைவெளியைச் சூடு தின்றது. இரண்டு வாரம் போனது. அடுத்த போர்டில் குட்டையான கம்பிகளையெல்லாம் பாம்பு மாதிரி வளைத்து நீளத்தைச் சமப்படுத்தினேன். முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "நேரா கோடு போடத் தெரியாதா? செம்பு என்ன சும்மாவா வருது?" என்றார். எந்த மதர்போர்டிலும் மெமரி ஸ்லாட் பக்கம் பாருங்கள், அந்தப் பாம்புகள் நெளிந்துகொண்டிருக்கும்.

சரி, பிட்டுகளைப் பல கம்பிகளில் பிரிக்காமல் ஒரே வழியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் சீரியல் முறை இதை எப்படிச் சமாளித்தது? பாலக்காட்டுச் சித்தூரில் கொங்கன்படை பார்த்திருப்பீர்கள். கொங்குப் படையை விரட்டியடித்ததைக் கொண்டாடும் திருவிழா அது. கொங்குத் தமிழ் பேசும் நாமே போய்க் கைதட்டிவிட்டு வருகிறோம், அது இருக்கட்டும். செண்டைக்காரர்களின் நீண்ட வரிசையைக் கவனியுங்கள். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 17 மீட்டர் தள்ளி நிற்பவரின் அடி இருபதில் ஒரு பங்கு வினாடி தாமதமாகவே நம் காதுக்கு வரும். காதை நம்பி வாசித்தால் மேளம் குழம்பிவிடும், அதனால் எல்லோர் கண்ணும் மேளத்தை நடத்தும் பிரமாணியின் கைமேல். அந்தக் கைதான் கிளாக் கம்பி. வயல் வரப்பில் தொலைவாக நிற்பவனுக்குக் கை தெரியாது. ஆனாலும் அவன் கால் சரியாகத் தாளம் போடுகிறது. எப்படி? அடிகளிலிருந்தே தாளத்தைப் பிடித்துக்கொள்கிறான். சாட்டாவும், பிசிஐயின் இடத்துக்கு வந்த பிசிஐ எக்ஸ்பிரஸும் செய்வது இதையேதான். தரவு பிட்டுகளை எப்போது எடுப்பது என்று காட்டத் தனியாகக் கிளாக் கம்பியை இழுத்துக்கொண்டு போவதில்லை. தரவின் ஏற்ற இறக்கத்திலிருந்தே வாங்குகிற சிப் கிளாக்கை எடுத்துக்கொள்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மேளம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டால் வரப்பில் நிற்பவன் தாளத்தை விட்டுவிடுவான். அதேபோல் நூறு பூஜ்யம் சேர்ந்தாற்போல வந்தால் சிப்பும் விட்டுவிடும். அதற்கு ஐபிஎம் பொறியாளர்கள் இருவர் 1983-இல் வெளியிட்ட வழி, எட்டு பிட்டைப் பத்து பிட்டாக மாற்றி அனுப்புவது. ஒரே பிட் ஐந்து முறைக்கு மேல் தொடர்ந்து வராது. ஆனால் கம்பியில் போவதில் ஐந்தில் ஒரு பங்கு வீண். பிசிஐ எக்ஸ்பிரஸ் இந்த வரியைப் பல வருடம் கட்டியது. 2010-இல் மூன்றாம் பதிப்பில்தான் 128 பிட்டுக்கு 130 என்று மாற்றி, வீணை இரண்டு சதவீதத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

சீரியல் என்றதும் கம்பி ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். உங்கள் கிராபிக்ஸ் கார்டுக்குப் பதினாறு லேன். ஒவ்வொரு லேனும் போக ஒரு ஜோடிக் கம்பி, வர ஒரு ஜோடிக் கம்பி. பழைய பிசிஐயோடு வித்தியாசம் என்னவென்றால், இங்கே ஒவ்வொரு லேனும் தன் தாளத்தைத் தானே வைத்திருக்கிறது. இணைப்பு தொடங்கும்போது எல்லா லேனிலும் ஒரே அடையாளக் கோர்வையை ஒரே நேரத்தில் அனுப்புவார்கள். எது முந்தி வந்தது, எது பிந்தியது என்று பார்த்து, முந்தியவற்றை மறுமுனையில் கொஞ்சம் நிறுத்திவைத்து வரிசை சேர்ப்பார்கள். லாரிக்கு நம்பர் எழுதி, கஞ்சிக்கோட்டில் ஒரு யார்டும் கட்டியாயிற்று. ரோட்டில் யார் யாரை முந்தினாலும் இனிக் கவலையில்லை.

உங்கள் அக்கா மகள் சொன்னதும் சரிதான். அவள் சொல்வது, சிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எச்பிஎம் மெமரி. 2013-இல் அதன் தரநிலை வந்தது, ஓர் அடுக்குக்கு 1024 தரவுக் கம்பிகள். 2015-இல் ஏஎம்டி கிராபிக்ஸ் சிப் ஒன்றைச் சுற்றி நான்கு அடுக்குகள், மொத்தம் 4096 கம்பிகள். ஒவ்வொன்றிலும் வினாடிக்கு நூறு கோடி பிட் மட்டும். அந்தக் காலக் கிராபிக்ஸ் மெமரிகளில் ஒரு கம்பி இதைப்போல் பல மடங்கு ஓடும். ஆனாலும் எச்பிஎம்மின் மொத்தம் வினாடிக்கு 512 கிகாபைட். 2025-இல் வந்த எச்பிஎம்4-இல் 1024 என்பது 2048 ஆகிவிட்டது.

ஸ்க்யூ எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, தூரம்தான் போயிற்று. இரண்டு சிப்புகளும் ஒரு சிலிக்கான் பலகைமேல் சில மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கின்றன. அந்தத் தூரத்தில் பிந்துவதற்கு இடமே இல்லை. தாளத்தைத் தேடிப் பிடிக்கும் சுற்றுகளும் வேண்டாம், பத்துக்கு எட்டு வரியும் வேண்டாம். மின்சாரமும் மிச்சம். பக்கத்திலேயே ஒரு கிளாக் கம்பியைப் போட்டால் போதும். சிப் துண்டுகளை இணைக்க 2022-இல் வந்த யூசிஐஇ தரநிலையிலும் 64 லேன், சிப்புகளை வைக்கும் பேக்கேஜ் சாதாரணமானது என்றால் 16, கூடவே கிளாக்குக்குத் தனிக் கம்பி. பிரிண்டர் போர்ட்டின் ஸ்ட்ரோப் கிழவன் திரும்பி வந்துவிட்டான் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் 1024 கம்பிகளை நம் சாதாரண போர்டில் நீளம் சமமாக இழு என்று யாராவது சொல்லியிருந்தால், அன்றைக்கே வேலையை விட்டுவிட்டு உங்கள் பக்கத்தில் கடை போட்டிருப்பேன்.

இனி அந்த எட்டு லேன் கார்டு. பழைய பிசிஐயில் ஒரு தரவுக் கம்பி செத்தாலே கார்டு உருப்படியாக ஓடாது. இங்கே அப்படியில்லை. தொடக்கத்தில் இரண்டு முனையும் பேசி, எத்தனை லேன் ஒழுங்காகப் பதில் சொல்கிறது என்று பார்த்து, எட்டு, நான்கு, ஒன்று என்று இறங்கி ஒத்துக்கொள்ளும். அதனால்தான் ஓடுகிறது. முதலில் மதர்போர்டு கையேட்டைப் பாருங்கள். சில போர்டுகளில் இரண்டாவது ஸ்லாட்டிலோ எம்.2 ஸ்லாட்டிலோ ஏதாவது செருகியிருந்தால் முதல் ஸ்லாட்டின் பாதி லேன்களை அதற்குக் கொடுத்துவிடும். அப்புறம், சில கார்டுகளுக்கே எட்டு லேன்தான், அளவு மட்டும் பதினாறு. இரண்டும் இல்லையென்றால் கார்டைக் கழற்றி, தங்க முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, முழுக்க அழுத்தி மாட்டுங்கள். அதன் பிறகும் எட்டு என்றால் வேறொரு மதர்போர்டில் போட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.