ஐந்து வருடமாக அம்மா எலும்பு அடர்த்திக்கு வாராந்திர மாத்திரை எடுக்கிறார். அந்த அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் மட்டும் பார்த்துக்கொண்டால் போதுமா?

போதாது. ஸ்கேன் நல்லபடியாக வந்த அதே வருடம்தான் என் அம்மாவுக்குத் தொடை எலும்பில் விரிசல் விட்டது.

நீங்கள் சொல்வது அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரை என்று எடுத்துக்கொள்கிறேன். என் அம்மாவுக்கும் அதேதான். ஞாயிறு விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் படுக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அதுவரை காபி கிடையாது. ஏழு வருடத்தில் ஒரு ஞாயிறு தவறியதில்லை. டி-ஸ்கோர் என்று ஸ்கேனில் ஒரு எண் வரும், மைனஸில் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு அடர்த்தி குறைவு. மைனஸ் 3.1 இருந்தது மைனஸ் 2.4க்கு வந்தபோது வீட்டில் அவ்வளவு சந்தோஷம்.

எட்டாவது வருடம் வலது தொடையில் வலி வந்தது. விழவில்லை, அடிபடவில்லை. படி ஏறினால் நடுத்தொடையில் சுரீர் என்று இழுக்கும். முதலில் பார்த்த டாக்டர் முட்டியை மட்டும் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "வயசானா தேய்மானம்தாம்மா" என்று வலி மாத்திரை கொடுத்தார். மூன்று மாதம் அப்படியே போனது. அந்தச் சொல் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம். முட்டி ஜவ்வு தேய்ந்தாலும் தேய்மானம், எலும்பு அடர்த்தி குறைந்தாலும் தேய்மானம். இரண்டும் ஒன்றென்று நினைத்து நாங்களும் சும்மா இருந்துவிட்டோம்.

இன்னொரு டாக்டர்தான் இரண்டு தொடைகளையும் முழு நீளத்துக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பின் வெளி ஓரத்தில் குருவி மூக்கு போல ஒரு சின்னப் புடைப்பு, அதில் முடி போல ஒரு கோடு. இந்த மாத்திரை பழைய எலும்பு கரைவதைத் தடுக்கிறது. ஆனால் நுண்ணிய விரிசல்கள் சரியாக வேண்டுமென்றால் பழையது கரைந்து புதியது வரத்தானே வேண்டும்? பல வருடம் எடுக்கிறவர்களில் வெகு சிலருக்கு இப்படி ஆகுமாம். மாத்திரையை நிறுத்தி, தொடைக்குள் ராடு வைத்தார்கள்.

மருந்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இந்த மாத்திரை காப்பாற்றும் இடுப்பும் முதுகெலும்பும் இதைவிடப் பல மடங்கு அதிகம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாத்திரைக்குப் பதில் எலும்பு அடர்த்திக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி என்றால் தவணையைத் தள்ளவே கூடாது. மாற்று மருந்து இல்லாமல் விட்டால் முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து உண்டு. உங்கள் அம்மா மாத்திரை எடுத்து ஐந்து வருடம் ஆகிவிட்டதால், அதைத் தொடர்வதா, இடைவெளி விடுவதா என்று டாக்டரிடம் கேளுங்கள். எங்களை யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. பழைய சீட்டைக் காட்டினால் கடையில் மாத்திரை கிடைத்துக்கொண்டே இருந்தது.

ஸ்கேனை முடிந்தவரை ஒரே மெஷினில் எடுங்கள். மெஷின் மாறினால் எண்ணை ஒப்பிட முடியாது. கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். பல் பிடுங்கும் முன் பல் டாக்டரிடம் மாத்திரை விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அந்த இலவச முகாம்கள். குதிகாலை மெஷினில் வைத்துப் பார்த்து, "ரொம்ப வீக்" என்று பயமுறுத்தி, அம்மாவிடம் பவுடர் டப்பா விற்றார்கள். மருந்து வேலை செய்கிறதா என்று குதிகாலை வைத்துச் சொல்ல முடியாது. வயதானவர்கள் பென்ஷன் பணம் அது.

உங்கள் அம்மாவிடம் தொடையிலோ தொடை இடுக்கிலோ வலி இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். நாமாகக் கேட்காமல் அவர்கள் சொல்லமாட்டார்கள். என் அம்மாவின் இடது தொடையிலும் அதே இடத்தில் லேசான தடிப்பு இருக்கிறது. இப்போது தினமும் காலையில் காபி கொடுக்கும்போதே கேட்டுவிடுகிறேன்.