தாத்தாவின் ஒமேகாவுக்கு உதிரி பாகம்

கேள்வி: எஸ்டேட்டில் டீ மேக்கராக இருந்த என் தாத்தா ஓய்வு பெற்றபோது கொடுத்த ஒமேகா கைக்கடிகாரம் எங்களிடம் இருக்கிறது. கீழே விழுந்ததில் சாவி கொடுக்கும் கிரவுன், தண்டோடு முறிந்து கையில் வந்துவிட்டது. ஓட்டமும் நின்றுவிட்டது. கடைக்காரர் திறந்து பார்த்து, மெஷினில் 283 என்று போட்டிருப்பதாகவும், இதற்கெல்லாம் ஸ்பேர் வராது, பேட்டரி மெஷின் மாட்டித் தருகிறேன் என்றும் சொல்கிறார். ஒரிஜினல் பாகங்கள் எங்கே கிடைக்கும்? சரிசெய்தால் தினமும் கட்டலாமா?
– வாசகர், குன்னூர்

பதில்: முதல் வேலையாக, கடிகாரத்தை அந்தக் கடையிலிருந்து வாங்கி வந்துவிடுங்கள். முறிந்த தண்டு, கிரவுன், கழற்றி வைத்த திருகாணி எதையும் விடாமல் கேட்டு வாங்குங்கள். பேட்டரி மெஷின் மாட்டினால் மிஞ்சுவது வெறும் கூடுதான்.

ஆனால் அவர் உங்களுக்கு ஒரு பெரிய உதவியும் செய்திருக்கிறார், அந்த 283 என்ற எண்ணைச் சொன்னாரே. “பழைய ஒமேகாவுக்கு ஸ்பேர் இருக்கா?” என்று கேட்டால் யாரும் கையை விரிப்பார்கள். மெஷினின் எண்ணைச் சொல்லிக் கேட்டால் டப்பாவைத் திறப்பார்கள். 283 என்பது ஒமேகாவின் புகழ்பெற்ற 30 மி.மீ. விட்ட மெஷின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1939-இல் தொடங்கி 1960-களின் தொடக்கம் வரை லட்சக்கணக்கில் தயாரித்தார்கள். உங்களுடையது நடுவில் விநாடி முள் உள்ள வகை. சின்ன விநாடி முள் தனியாக ஓடும் 265, 266, 267 எல்லாம் இதன் உடன்பிறப்புகள். சாவித் தண்டு போன்ற பாகங்கள் இவற்றுக்குள் பொது. எனவே 283 கிடைக்கவில்லை என்றால் இந்த எண்களையும் சொல்லிக் கேளுங்கள்.

இனி தேடல். 2015 முடிவோடு, ஒமேகாவின் தாய்க் குழுமமான ஸ்வாட்ச், மொத்த வியாபாரிகளுக்கு உதிரி பாகம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. எனவே தெருக்கடையில் புது ஒரிஜினல் பாக்கெட் கிடைப்பது அபூர்வம். கிடைப்பதெல்லாம் பழைய சரக்கு. நம் மலையில் தோட்டத்துத் துரைமாரும் வெலிங்டன் ராணுவ அதிகாரிகளும் கட்டிய கடிகாரங்களைப் பழுது பார்த்த கைகள் இருந்தன. அந்தக் கடைகள் மூடினாலும், பாகங்கள் போட்டு வைத்த சின்னக் கண்ணாடிக் குப்பிகள் யாராவது ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் வயதான மெக்கானிக்குகளிடம் ஒரு வாரம் விசாரியுங்கள். அடுத்து கோயம்புத்தூர். அங்கும் இல்லையென்றால் கொல்கத்தாவின் ராதாபஜார், கடிகாரத்துக்கென்றே இருக்கும் தெரு.

எனக்குப் பிடித்த வழி வேறு. ஓடாத 283 மெஷின் ஒன்றை முழுசாக வாங்கிவிடுங்கள். ஒரு பாகத்துக்கு அலைவதைவிட இது லாபம். வாங்கும்முன், தண்டு நுழையும் பக்கத்தில் துரு இருக்கிறதா என்று கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள். மெஷினை லேசாக அசைத்தால் பேலன்ஸ் சக்கரம் (முன்னும் பின்னும் ஆடி நேரம் காக்கும் சக்கரம்) தடையின்றி ஆடும் வீடியோ கேளுங்கள். நடு விநாடி முள்ளின் அச்சை மெல்ல அழுத்திப் பிடிக்கும் பட்டை ஸ்பிரிங் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல மெஷின்களில் அதைத் தொலைத்திருப்பார்கள், அது இல்லாவிட்டால் முள் தத்தித் தத்தி ஓடும். இந்தக் குடும்பத்தின் பழைய மெஷின்களில் அதிர்வுதாங்கி இல்லாதவையும் உண்டு. உள்ளதற்கும் இல்லாததற்கும் பேலன்ஸ் ஸ்டாஃப், அதாவது அந்தச் சக்கரத்தின் அச்சு, வேறு. உங்களுடையது நின்றதற்கும் அந்த ஸ்டாஃப் முனை ஒடிந்தது காரணமாக இருக்கலாம்.

எல்லாமே ஒரிஜினலாக இருக்க வேண்டுமா? வேண்டாம். மெயின் ஸ்பிரிங், கண்ணாடி, ரப்பர் வளையம் எல்லாம் தேய்கிற சாமான்கள், அளவு சரியாக இருந்தால் போதும். தண்டைக்கூட நல்ல கைக்காரர் லேத்தில் கடைந்துவிடுவார். டயல், முட்கள், கிரவுன் இந்த மூன்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்.

கிரவுனை இப்போதே தொலைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். முறிந்த தண்டின் மரைத் துண்டு அதற்குள் சிக்கியிருக்கும். கிரவுன் பித்தளை அல்லது தங்கம் என்றால், ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் படிகாரம் கரைத்து அதில் போட்டு வையுங்கள். படிகாரம் இரும்பை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். ஓரிரு நாளில் துண்டு கருப்பாகக் கரைந்து உதிரும். கிரவுன் ஸ்டீல் என்றால் இதைச் செய்யவே கூடாது.

டயலைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். இருபது வயதில் நானே ஒரு பழைய டயலை ஈரப் பஞ்சால் துடைத்தேன். எழுத்து முழுவதும் பஞ்சோடு வந்துவிட்டது. கடிகாரத்தின் சொந்தக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. இன்னொன்று, முள்ளிலும் எண்ணிலும் பழுப்பேறிய பூச்சு இருந்தால் சுரண்டாதீர்கள். அந்தக் காலத்துப் பூச்சில் ரேடியம் இருக்கலாம்.

எங்கும் கிடைக்காவிட்டால், சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் ஒமேகாவே பழைய கடிகாரங்களைச் சீர்செய்கிறது. செலவு கூடுதல். அனுப்பும்போது “டயல், முள் மாற்றக் கூடாது, பாலிஷ் கூடாது, கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்” என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தினமும் கட்டலாமா என்றால், குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மாத மழைக்கும் மூடுபனிக்கும் வேண்டாம். கணப்பு அருகில் இருந்துவிட்டு வெளியே குளிரில் இறங்கினால் கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படியும். பழைய ரப்பர் வளையம் அதைத் தடுக்காது. தண்டு துருப்பிடிப்பது அப்படித்தான். மழை மாதங்களில் மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்துவிட்டு, தை பிறந்ததும் கட்டுங்கள்.