மருத்துவபீடத்தில் பின்தங்கும் ஜூனியருக்கு எப்படி உதவுவது?

"என் ஜூனியர் தம்பி இரண்டாம் எம்.பி.பி.எஸ். பரீட்சையை ரிப்பீட் எழுதப் போகிறார். இரவு பகலாகப் படிக்கிறார், மார்க்ஸ்தான் வரவில்லை. நான் என்ன செய்யலாம்?" என்று மட்டக்களப்பிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். இங்கே உடற்றொழிலியல் படிப்பிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

"இன்னும் வடிவாகப் படி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் படித்துக்கொண்டுதான் இருக்கிறார். எங்கே சறுக்குகிறார் என்று முதலில் பாருங்கள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரேயொரு கேள்வியை எடுங்கள். நிறைய இரத்தம் போனவருக்குச் சிறுநீர் ஏன் குறைகிறது? இதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வாகரை, திருக்கோவில் போன்ற கிழக்கு மாகாண ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் உயர்தரம் வரை தமிழில் படித்தவர்கள். இரத்த அழுத்தம் இறங்குவது, சிறுநீரகம் ரெனின் என்ற நொதியை விடுவது, அல்டொஸ்டெரோன் என்ற ஹோர்மோன் உப்பையும் அதோடு நீரையும் பிடித்துவைப்பது, சிறுநீரைக் குறைக்கும் ஏ.டி.எச். ஹோர்மோன் கூடுவது என்று பலர் கோர்வையாகச் சொல்லிவிடுவார்கள். அதே பிள்ளையின் ஆங்கில விடைத்தாளில் 'ஏ.டி.எச். கூடும்' என்று ஒரு வரிதான் இருக்கும். அப்படியானால் இன்னொரு புத்தகம் தேவையில்லை. வாயால் சொன்னதையே ஐந்தாறு சின்ன ஆங்கில வசனமாக எழுதவையுங்கள், தினமும் ஒரு கேள்வி போதும். தமிழிலும் இடையில் அறுந்துபோனால், அறுந்த இடத்தை மட்டும் திரும்பப் படிக்கட்டும்.

அப்புறம், குப்பி, அதாவது சீனியர்மார் ஜூனியர்மாருக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது. நீங்கள் போர்டில் எழுதி விளக்க, அவர் தலையாட்டினால் இருவருக்கும் விளங்கியது போலத்தான் இருக்கும். அவரை விளக்கச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதும் இதே மாதிரி ஏமாற்றும். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தில் வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே.

வோர்டுக்குப் போகும் காலத்திலும் அவரே வாய் திறந்து சொல்லவேண்டும். கட்டிலடியில் எல்லார் முன்னாலும் ஏச்சு வாங்கிய பிள்ளை அடுத்த நாள் வாயே திறக்காது. தவறைத் தனியே கூப்பிட்டுத் திருத்துவதுதான் சரி.

சாப்பாடு, தூக்கம் குறைந்து, விரிவுரைக்கும் வராமல் அறைக்குள்ளேயே கிடந்தால் பாடத்தை ஒதுக்கிவையுங்கள். வீட்டுக் காசுப் பிரச்சினையாகவும் இருக்கலாம். நீங்களே தனியாகச் சுமக்க வேண்டாம். மாணவர் ஆலோசகரிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அன்றைக்கே.