சோழமண்டலக் கடற்கரை வரைபடம்: கேட்டதும் சொன்னதும்

பாலக்கோட்டில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்த பழைய கடல் வரைபடத்தின் போட்டோ நம் தருமபுரி, கிருஷ்ணகிரி பழம்பொருள் ஆர்வலர்கள் எல்லோர் கைக்கும் போய்விட்டது. சோழமண்டலக் கரை, ஓரத்தில் 'யோஹானஸ் வான் கியூலன், ஆம்ஸ்டர்டாம்' என்ற பெயர். வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

சார், இந்த வான் கியூலன் 1715-லேயே இறந்துவிட்டார் என்று படித்தேன். அப்படியென்றால் படம் 300 வருடத்துக்கு மேல் பழசா? (பாலக்கோடு, வீட்டுக்காரர்)

அவசரப்படாதீர்கள், அந்தக் குடும்பத்தில் ரெண்டு யோஹானஸ் உண்டு. 1715-ல் இறந்தவர் தாத்தா. 1680 வாக்கில் ஆம்ஸ்டர்டாமில் கடை போட்டு, 'கடல் தீவட்டி' என்ற பெயரில் மாலுமிகளுக்கான வரைபடத் தொகுதிகளை அச்சிட ஆரம்பித்தவர். அவர் காலத்து 5 பாகங்களிலும் நம் கரை கிடையாது. ஆசியக் கடல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தொழில் ரகசியம். கப்பல் கிளம்பும்போது கையால் வரைந்த படங்களைக் கொடுப்பார்கள், திரும்பி வந்ததும் ஒப்படைத்துவிட வேண்டும். மகன் ஹெரார்டு 1714-ல் அந்தக் கம்பெனிக்கே வரைபடக்காரராகப் போனார், பின்னால் பேரன் யோஹானஸும் அதே வேலைக்கு வந்தார். இந்தப் பேரன்தான் 1753-ல் ஆறாவது பாகமாக ஆசியக் கரைகளை அச்சில் கொண்டுவந்தார். என் கணக்கில் அதற்குள் ரகசியம் ரகசியமாகவே இல்லை, 1745-லேயே பிரெஞ்சுக்காரர் தாப்ரே கிழக்குக் கடல்களுக்கென்று ஒரு தொகுதியை வெளியிட்டிருந்தார். ஆக, உங்கள் படம் அசலாக இருந்தால் 1753-ஐ ஒட்டியதாகத்தான் இருக்கும்.

அண்ணே, பழவேற்காடு இருக்கு, சதுரங்கப்பட்டினம் இருக்கு, நாகப்பட்டினம் இருக்கு. நம்ம ஊர் மட்டும் ஏன் இல்லை? (பென்னாகரம்)

கப்பல் மேல்தட்டில் நின்று பார்த்தால் தருமபுரி தெரியுமா தம்பி? மாலுமிக்கு வேண்டியது கடலிலிருந்து பார்த்தால் கரையில் கண்ணில் படுகிற கோயில் கோபுரம், கொடிமரம், குன்று, ஆற்று முகம், அவ்வளவுதான். கிருஷ்ணகிரியைத் தாண்டிப் போகிற தென்பெண்ணை, கடலூர் பக்கம் கடலில் விழுகிற இடத்தில் மட்டும் இந்தப் படத்துக்குள் வரும். பாராமகாலை (நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்கு அப்போதைய பெயர்) ஆங்கிலேயர் உட்கார்ந்து அளந்ததெல்லாம் 1792-ல் திப்புவிடமிருந்து அவர்கள் கைக்கு வந்த பிறகு.

கடலுக்குள் சிதறிக் கிடக்கிற எண்கள் என்ன? (ஓசூர்)

ஆழம். டச்சுக்காரர் பாக அளவில் குறித்திருக்கிறார்கள். ஒரு பாகம் என்றால் ரெண்டு கையையும் விரித்த நீளம், ஏறக்குறைய 6 அடி. கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டி இறக்கினார்கள், குண்டின் அடியில் தடவிய கொழுப்பில் ஒட்டி வருவது மணலா சேறா என்றும் பார்த்தார்கள். இந்தக் கரையில் அது உயிர் போகிற விஷயம், ஏனென்றால் பெரிய கப்பல் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் கிடையாது. நடுக்கடலில் நங்கூரம் போட்டு, ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகில்தான் ஆளையும் சரக்கையும் அலையைத் தாண்டி இறக்கினார்கள். நங்கூரம் பிடிக்காத தரையில் நின்றால் அலை கரைக்குத் தள்ளிவிடும். எனக்கு இந்தப் படத்திலேயே பிடித்தது ஓரத்து அலங்காரம் இல்லை, இந்த எண்கள்தான்.

என் நண்பரிடம் உள்ள பிரெஞ்சுப் படத்தில் சென்னை 78 பாகைத் தீர்க்கரேகையில் இருக்கிறது. தப்பாக வரைந்துவிட்டார்களா? (கிருஷ்ணகிரி, புவியியல் ஆசிரியை)

தப்பில்லை டீச்சர், அது பாரிஸைச் சுழியாக வைத்து எண்ணியது. கிரீன்விச்சிலிருந்து எண்ணினால் 80 சொச்சம், டெனரீஃப் சிகரத்திலிருந்து என்றால் 97-ஐ ஒட்டி, ஃபெரோ தீவிலிருந்து 98 (ரெண்டும் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கானரித் தீவுகளில் இருக்கின்றன). கடைசி ரெண்டையும் எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது, அந்தக் காலத்துத் தீர்க்கரேகையில் ஒரு பாகைப் பிசகு சாதாரணம். உங்கள் நண்பருடையது பெலன் வரைந்ததாக இருக்கலாம், அவர் பிரெஞ்சுக் கடற்படையின் வரைபட அலுவலகத்தில் இருந்தவர், 1772-ல் காலமானார். அவருடைய படங்களை டச்சுத் தலைப்போடு திரும்பச் செதுக்கியும் விற்றார்கள், அதனால் மொழியைப் பார்த்துப் பதிப்பாளரை முடிவு செய்யாதீர்கள்.

அசலா நகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (அரூர்)

நல்ல பூதக்கண்ணாடி ஒன்று போதும். கோடு புள்ளி புள்ளியாகப் பிரிந்தால் இந்தக் காலத்து அச்சு. செப்புத் தகட்டில் செதுக்கி அடித்ததென்றால் கோடு முழுசாக இருக்கும், படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும் (ஓரத்தை வெட்டியிருந்தால் தட்டுப்படாது). அப்புறம் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், 1753 காகிதத்தில் அதை வார்த்த சல்லடையின் கம்பி வரிகள் தெரியும். காகிதம் வழவழவென்று ஒரே சீராக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான். பழுப்பு நிறத்தை நம்பவே வேண்டாம், டீத்தண்ணியிலும் அது வரும்.

லேமினேட் பண்ணிடலாமா? (காரிமங்கலம்)

ஐயோ, வேண்டாம்! செல்லோடேப்பும் வேண்டாம்.

வெளிநாட்டில் நல்ல விலை போகுமாமே? (பாலக்கோடு, அதே வீட்டுக்காரர்)

போகலாம், ஆனால் 1972 தொல்பொருள் சட்டத்தில் 75 வருடம் தாண்டிய, வரலாற்று மதிப்புள்ள ஆவணமும் அடங்கும், தனியாள் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. உள்ளூரில் விற்பதென்றாலும் முதலில் தொல்லியல் துறையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதுவரை மடிக்காமல், வெயில் படாமல் தட்டையாக வையுங்கள்.