இசபெல்லாவின் நான்கு திருமணங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிலுவைப்போர்களைப் பற்றிய உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். ஜெருசலேம் இளவரசி இசபெல்லா நான்கு பேருக்கு மனைவியாகி, 33 வயதளவில் இறந்தாள் என்று எழுதியிருந்தீர்கள். பிரபுக்கள் கைமாற்றிக்கொண்ட ஒரு பெண், அவ்வளவுதானா? அவள் என்ன நினைத்தாள் என்பதற்குத் தடயம் ஏதும் உண்டா?

ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள வாசகிக்கு,

உண்டு. இரண்டு இடங்களிலாவது அவள் குரல் பதிவாகியிருக்கிறது.

1172ல் பிறந்தவள். தந்தை, சிலுவைப்போர் வீரர்கள் நிறுவிய ஜெருசலேம் அரசின் மன்னன் அமல்ரிக், தாய் பைசாந்திய அரசகுலத்து மரியா கொம்னேனா. தந்தைக்குப்பின் அரியணை ஏறிய அண்ணன் பால்ட்வின் தொழுநோயாளி, பிள்ளையில்லை. ஆகவே அரசுரிமை மூத்தவள் சிபில்லாவுக்கோ இளையவள் இசபெல்லாவுக்கோ போகவேண்டும். எட்டு வயதில் அவளை ஹம்ப்ரி என்பவனுக்கு நிச்சயம் செய்து, தாயிடமிருந்து பிரித்து, சாக்கடலுக்குக் கிழக்கே உள்ள கெராக் கோட்டைக்கு அனுப்பிவிட்டார்கள். ஹம்ப்ரியின் தாய் அவளைத் தன் அம்மாவைப் பார்க்கவும் விடவில்லை என்கிறது அக்கால வரலாற்றுக் குறிப்பு. 1183ல், 11 வயதில், முஸ்லிம் சுல்தான் சலாவுதீனின் படை முற்றுகையிட்டிருந்த அந்தக் கோட்டைக்குள்ளேயே திருமணம். மணமக்கள் தங்கிய கோபுரத்தின்மேல் கல்லெறிய வேண்டாமென்று சலாவுதீன் ஆணையிட்டதாக ஒரு கதை உண்டு. எல்லோரும் அதை ரசித்துச் சொல்வார்கள். அந்தக் குழந்தையை அங்கே கொண்டுவந்து சேர்த்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

1187ல் ஜெருசலேம் சலாவுதீனிடம் வீழ்ந்தது. 1190ல் ஆக்கர் என்ற துறைமுக நகரை மீட்கச் சிலுவைப்போர்ப் படைகள் முற்றுகையிட்டிருந்த முகாமில் பரவிய நோயில் சிபில்லாவும் அவளது பெண்குழந்தைகளும் இறந்தார்கள். சிபில்லாவின் கணவன், கை (Guy) என்ற பெயருடையவன், அரசனாக இருந்தது மனைவியின் உரிமையால்தான். அந்த உரிமை இப்போது 18 வயது இசபெல்லாவிடம் வந்தது. பிரபுக்களுக்கு கையும் வேண்டாம், ஹம்ப்ரியும் வேண்டாம். 1186ல் ஹம்ப்ரிக்கே முடிசூட்ட அவர்கள் முனைந்தபோது, இரவோடிரவாக நழுவிப்போய் கையிடம் பணிந்தவன் அவன். டயர் என்ற துறைமுக நகரைக் காத்த கான்ராட்தான் அவர்களுக்கு அரசனாக வேண்டும்.

இசபெல்லா மறுத்தாள். கணவனை விட்டு வரமாட்டேன் என்றாள். அவளைக் கூடாரத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோய், பெற்ற தாயைக்கொண்டே பேசவைத்தார்கள். உரிய வயது வராமல், அவள் விருப்பமில்லாமல் நடந்த மணம், அதனால் செல்லாது என்பது வாதம். எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான். சிறுமியாக இருந்தபோது அவளுக்குச் செய்த அநீதியையே, வளர்ந்தபின் அவள் சொன்ன ‘மாட்டேன்’ என்பதை உடைக்கும் ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். விசாரணையில் ஒரு வீரன் ஹம்ப்ரியைத் துவந்த யுத்தத்துக்கு அழைத்தான். ஹம்ப்ரி முன்வரவில்லை. மணமுறிவை எதிர்த்து நின்ற இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராயர் நோயுற்று இறந்துபோனார். நவம்பர் 24 அன்று அவள் கான்ராடின் மனைவியானாள்.

இரண்டாவது இடம் 1192. ஏப்ரல் 28 அன்று டயர் நகரத் தெருவில் கான்ராட் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டான். பிரெஞ்சுப் படையினர் நகரைத் தங்களிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். கருவுற்றிருந்த இசபெல்லா கோட்டைக்குள் இருந்துகொண்டு, கணவன் கடைசியாகச் சொன்னபடி இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டுக்கே தருவேன் என்றாள். தாயும் பிரபுக்களும் சொன்னதற்குப் பணிந்தவள், 20 வயதில் ஒரு படையிடம் முடியாது என்கிறாள். ஆனாலும் ஒரே வாரத்தில் ஷாம்பெயின் கோமகன் ஹென்றிக்கு அவளை மணம்முடித்தார்கள். ஹென்றி கடைசிவரை முடிசூடவில்லை. 1197ல் அவன் ஆக்கரில் ஜன்னலிலிருந்து விழுந்து இறக்க, அடுத்து சைப்ரஸ் மன்னன் எய்மெரி. அவன் 1205 ஏப்ரலில் இறந்தான். அவளும் அதிகநாள் இருக்கவில்லை.

நீங்கள் கேட்ட ‘கைமாற்றம்’ பற்றி ஒன்று சொல்லவேண்டும். கணவர்களில் யார் போனாலும் இன்னொருவனைக் கொண்டுவர முடிந்தது. இசபெல்லாவுக்கு மாற்றாக யாரையும் கொண்டுவர முடியவில்லை, ஏனென்றால் அரசுரிமை அவள் ரத்தத்தில் இருந்தது. அவளை யாரும் சும்மா விடாததற்கும் அதுவே காரணம். அவளுக்குப்பின் அது கான்ராடுக்குப் பிறந்த மகள் மரியாவுக்குப் போனது. 1212ல் மரியா பெற்ற பெண்ணுக்கும் இசபெல்லா என்றே பெயர். அந்தப் பேத்தியை 1225ல் புனித ரோமப் பேரரசன் இரண்டாம் பிரெடெரிக் மணந்தான். 1228ல் மகனைப் பெற்றெடுத்த சில நாட்களில் அவள் இறந்தாள். அடுத்த ஆண்டு பிரெடெரிக் எகிப்திய சுல்தானுடன் உடன்படிக்கை செய்து ஜெருசலேமைப் பெற்று, அங்கே முடிசூடிக்கொண்டான்.

அன்புடன்,
ஆசிரியர்